வெட்டிய பருவத்தையும் கேளுங்கள்

என் படிவம் நான்கு வகுப்பில் முயல் வளர்க்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் அறிவியல் கூடத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் பைகளுடன் வந்தாள். இரண்டிலும் அல்ஃபால்ஃபா உலர்தீவனம். ஒரே கடையில் வாங்கியது, ஒரே நிறுவனத்துப் பை, ஒரே விலை.

“டீச்சர், முதல் பையில் இருந்ததை என் முயல்குட்டி மிச்சம் வைக்காமல் தின்றது. இரண்டாவது பையில் இலையை மட்டும் தின்றுவிட்டுக் குச்சியை எல்லாம் ஒதுக்கிவிடுகிறது. ஏன்?” என்று கேட்டாள்.

நான் அதிகம் யோசிக்காமல், “வேறு ரகமாக இருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினாள். முதல் பையில் இலை நிறைய இருந்தது. தண்டு மெல்லியதாக இருந்தது. இரண்டாவதில் தண்டு தடித்து விறைத்திருந்தது. அதோடு, காய்ந்த ஊதா நிறப் பூக்களும் அங்கங்கே கிடந்தன. “முதல் பையில் பூவே இல்லை, டீச்சர்” என்றாள்.

அந்தப் பூதான் தடயம். இரண்டாவது பையில் இருந்த செடி பூத்த பிறகு வெட்டப்பட்டது. முதல் பையில் இருந்தது பூப்பதற்கு முன்பே வெட்டப்பட்டது. ரகம் வேறாக இருந்ததா இல்லையா என்பதை அந்தப் பைகளைப் பார்த்து எங்களால் சொல்ல முடியாது. வெட்டிய பருவம் வேறு என்பது மட்டும் கண்முன்னே கிடந்தது. ஆசிரியரான நான் அதைப் பார்க்காமலேயே பதில் சொல்லியிருந்தேன்.

இந்தத் தவறு என்னுடையது மட்டுமல்ல. “மேம்படுத்தப்பட்ட ரகம்” என்றதும் நம்மில் பலர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். நல்ல விதை என்றால் நல்ல விளைச்சல், நல்ல தரம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஒரு தீவனப் பயிரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது, ரகத்தின் பெயரோடு வெட்டிய பருவத்தையும் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு அரைகுறையானது. இதுதான் என் கருத்து. அல்ஃபால்ஃபா இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

குதிரைக்காக ஊர் ஊராகச் சென்ற செடி

அல்ஃபால்ஃபா அவரை, பட்டாணி, வேர்க்கடலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும்படி மாற்றித் தரும். அதனால்தான் இதன் இலையில் புரதம் அதிகம். ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

இதன் பூர்வீகம் ஈரானையும் மத்திய ஆசியாவையும் ஒட்டிய பகுதி. குதிரைப்படை சென்ற இடமெல்லாம் இந்தச் செடியும் சென்றது. அல்ஃபால்ஃபா என்ற பெயரே அரபு வழியாக வந்தது. அதன் பழைய பாரசீக வேர்ச்சொல்லுக்குக் குதிரைத் தீவனம் என்று பொருள். தமிழ்நாட்டில் இதற்குக் குதிரை மசால் என்று பெயர். அந்தப் பெயரிலும் குதிரை இருப்பதைக் கவனியுங்கள்.

இன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் போன்ற குளிர்ப் பகுதிகளில் கறவை மாடுகளுக்கு இது முக்கியத் தீவனம். அங்கே ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை வெட்டுவார்கள். கலிஃபோர்னியாவின் வெப்பமான இம்பீரியல் பள்ளத்தாக்கில் எட்டு முறைக்குக் குறையாமல் வெட்டுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் விவசாயி ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இன்று வெட்டுவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா?

0 முதல் 9 வரை

“இளசு”, “முற்றியது” என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கு ஆள் பொருள் மாறும். அதனால் 1981-ல் காலு, ஃபிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அல்ஃபால்ஃபா தண்டின் வளர்ச்சியைப் பத்துப் படிகளாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். 0, 1, 2 ஆகிய மூன்றும் தழைப் பருவம். அதில் பூவோ மொட்டோ இருக்காது. தண்டின் நீளத்தை வைத்துப் பிரிப்பார்கள். 15 சென்டிமீட்டர் வரை இருந்தால் 0, 30 சென்டிமீட்டர் வரை 1, அதற்கு மேல் 2. மொட்டு தோன்றினால் 3, 4. பூ விரிந்தால் 5, 6. பச்சைக் காய் பிடித்தால் 7, 8. காய் பழுத்துப் பழுப்பாகிவிட்டால் 9.

ஒரு வயலில் எல்லாத் தண்டுகளும் ஒரே படியில் இருக்காது. எனவே சராசரி எடுப்பார்கள். 40 தண்டுகளைப் பறித்தீர்கள் என்று வையுங்கள். 10 தண்டுகள் படி 2-ல், 16 தண்டுகள் படி 3-ல், 10 தண்டுகள் படி 4-ல், 4 தண்டுகள் படி 5-ல் இருக்கின்றன. ஒவ்வொரு படியையும் அதில் உள்ள தண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 128. அதை 40-ஆல் வகுத்தால் 3.2. அந்த வயலின் சராசரிப் பருவம் 3.2, அதாவது மொட்டுப் பருவத்தின் தொடக்கம். கணிதப் பாடத்தில் நீங்கள் செய்யும் அதே சராசரிதான் இங்கே ஒரு விவசாயி அறுவடை நாளை முடிவு செய்ய உதவுகிறது.

வெண்டைக்காய் சொல்லும் பாடம்

பருவம் கூடக் கூடத் தரம் ஏன் குறைகிறது? பாசாரில் உங்கள் அம்மாவோ பாட்டியோ வெண்டைக்காய் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நுனியைப் பட்டென்று ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து நார் இழுத்தால் முற்றல். அல்ஃபால்ஃபா தண்டிலும் இதுபோல ஒரு மாற்றம்தான் நடக்கிறது.

தண்டு உயர உயர அதைத் தாங்க வலு வேண்டும். செல் சுவரில் செல்லுலோஸ் கூடுகிறது. அதோடு லிக்னின் என்ற கடினமான பொருளும் படிகிறது. நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் நசுங்காமல் இருக்க லிக்னின் தேவை என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாட்டுக்கு இதுதான் சிக்கல். செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அதன் வயிற்றின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. லிக்னினை அந்த நுண்ணுயிர்களாலும் செரிக்க முடியாது. செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் வேலிபோல் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஆற்றலில் ஒரு பகுதி சாணத்தோடு வெளியேறிவிடும்.

இலையின் கதை வேறு. முற்றினாலும் இலையின் தரம் தண்டின் தரத்தைப்போல் வேகமாகக் குறைவதில்லை. இலையில் தண்டைவிட இரண்டு, மூன்று மடங்கு புரதம் உண்டு. ஆனால் செடி வளர வளர மொத்த எடையில் இலையின் பங்கு குறைந்து தண்டின் பங்கு கூடுகிறது. ஆக, தண்டு கடினமாவது, இலையின் பங்கு குறைவது ஆகிய இரண்டும் சேர்ந்து தரத்தை இறக்குகின்றன. மொட்டுப் பருவத்தில் வெட்டிய அல்ஃபால்ஃபாவின் உலர் எடையில் புரதம் சுமார் 20 விழுக்காடு இருக்கும். முழுதாகப் பூத்துவிட்டால் அது 15 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். அதே காலத்தில் நார் சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டை நோக்கி ஏறும்.

“ஆனால் பொறுத்து வெட்டினால் அதிக எடை கிடைக்குமே!” என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: மொட்டுப் பருவத்தில் 100 கிலோ உலர்தீவனம், பூத்த பிறகு அதே நிலத்தில் 130 கிலோ. முதலாவதில் 20 விழுக்காடு என்றால் 20 கிலோ புரதம். இரண்டாவதில் 15 விழுக்காடு என்றால் 19.5 கிலோ புரதம். 30 கிலோ கூடுதலாக வெட்டிச் சுமந்தும் புரதம் கூடவில்லை. கூடியது பெரும்பாலும் நார்.

ரகம் என்பது ஒரு கேள்விக்கான பதில்

அப்படியானால் மேம்படுத்தப்பட்ட ரகங்களால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் ஒவ்வொரு ரகமும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதிலாகவே பிறந்தது.

1857-ல் வென்டலின் கிரிம் என்ற விவசாயி ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தார். கையோடு கொஞ்சம் அல்ஃபால்ஃபா விதையும் கொண்டுவந்தார். மினசோட்டாவின் கடுங்குளிரில் பல செடிகள் செத்தன. பிழைத்த செடிகளின் விதைகளை எடுத்து மறுபடியும் விதைத்தார். இப்படியே ஆண்டுக்கணக்கில் செய்தார். குளிரைத் தாங்கும் கிரிம் அல்ஃபால்ஃபா இப்படித்தான் உருவானது. பிற்காலத்தில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் இந்தப் பயிர் பரவ அது பெரிதும் உதவியது. அவர் செய்தது செயற்கைத் தேர்வு. அவருடைய வயல் கேட்ட கேள்வி, “குளிர்காலத்தைத் தாண்டி எது பிழைக்கும்?” என்பதே. “எது மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும்?” என்று அந்த வயல் கேட்கவில்லை.

அடுத்து, பாக்டீரியா வாடல் நோய் அல்ஃபால்ஃபா வயல்களை அழித்தபோது, 1940-களில் அதை எதிர்க்கும் ரேஞ்சர் என்ற ரகம் வந்தது. பின்னர்தான் தரத்தையே குறிவைத்த ரகங்கள் வந்தன. மூன்றுக்கும் அதிகமான சிற்றிலைகள் கொண்டவை சில. லிக்னின் குறைவாக உள்ளவை சில. மரபணு மாற்றத்தின் மூலம் லிக்னின் உற்பத்தியில் பங்கேற்கும் ஒரு நொதியின் அளவைக் குறைத்து உருவாக்கிய அல்ஃபால்ஃபாவுக்கு அமெரிக்க விவசாயத் துறை 2014-ல் அனுமதி அளித்தது. மரபணு மாற்றம் இல்லாமல், வழக்கமான தேர்வு முறையில் லிக்னினைக் குறைத்த ரகங்களும் உள்ளன.

லிக்னினை அறவே நீக்கிவிடலாமே என்று தோன்றலாம். நீக்கினால் தண்டு நிமிர்ந்து நிற்காது, நீர்க்குழாயும் உறுதியாக இருக்காது. அதனால் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது.

இந்தப் புதிய ரகங்களின் தண்டும் முற்றத்தான் செய்கிறது. ஒரே பருவத்தில் ஒப்பிட்டால் வழக்கமான ரகத்தைவிட இதில் லிக்னின் சற்றுக் குறைவு. அதனால் விவசாயிக்குக் கிடைப்பது அவகாசம். ஏறத்தாழ ஒரு வாரம் தாமதித்து வெட்டினாலும், வழக்கமான ரகத்தை முன்கூட்டியே வெட்டியதற்கு இணையான தரம் கிடைக்கும் என்பதே இதன் நோக்கம். மழை பெய்து அறுவடை தள்ளிப்போகும் ஊரில் ஒரு வாரம் என்பது பெரிய உதவி. ஆனால் அந்த ஒரு வாரத்தை இரண்டு மூன்று வாரமாக இழுத்துவிட்டால் விலை கொடுத்து வாங்கிய விதையின் பயன் அங்கேயே போய்விடும். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, நின்றுவிடவில்லை.

நியாயமான சோதனை எது?

தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். அந்த மூன்று சொற்களும் எதற்கு என்று இங்கே தெரியும்.

ரகம் அ சீக்கிரம் பூக்கும். ரகம் ஆ தாமதமாகப் பூக்கும். இரண்டையும் ஒரே நாளில் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். ஆ-வில் புரதம் அதிகம், நார் குறைவு என்று முடிவு வருகிறது. “ஆ தரமான ரகம்” என்று அறிவித்துவிடலாமா? அந்த நாளில் அ பூத்துவிட்டது, ஆ இன்னும் மொட்டில் இருக்கிறது. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு ரகங்களை மட்டுமல்ல, இரண்டு பருவங்களையும் சேர்த்து. பருவம் கட்டுப்படுத்தப்படவில்லை. ஒரே பருவத்தில் வெட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாகக்கூட இருக்கலாம். அதனால்தான் ரகங்களை ஒப்பிடும்போது ஒரே நாளில் வெட்டியும் பார்க்க வேண்டும், ஒரே பருவத்தில் வெட்டியும் பார்க்க வேண்டும்.

பருவம் மட்டுமே எல்லாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வெப்பமான நாள்களில் செடி வேகமாக முற்றும்; கோடையில் மொட்டுவிட்ட செடியைவிட, குளிர்ந்த வசந்தத்தில் மொட்டுவிட்ட செடியின் தரம் பெரும்பாலும் மேல். உலர்த்தும்போது இலை உதிர்ந்துவிட்டால், சரியான பருவத்தில் வெட்டியும் பயன் குறையும். ஆனாலும் விவசாயியின் கையில் இருக்கும் முடிவுகளில் தரத்தை மிக அதிகமாக மாற்றுவது வெட்டும் நாள்தான். அதற்குக் கூடுதல் செலவும் இல்லை. வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எப்போதும் இளசாகவே வெட்டலாமா?

கூடாது. வெட்டியதும் அல்ஃபால்ஃபா மீண்டும் துளிர்ப்பது வேரிலும் அடித்தண்டிலும் சேமித்த உணவைக் கொண்டுதான். புதிய இலைகள் போதுமான அளவு வளர்ந்த பிறகே அந்தச் சேமிப்பு மறுபடியும் நிரம்பத் தொடங்கும். நிரம்புவதற்கு முன் திரும்பத் திரும்ப வெட்டினால், வங்கிக் கணக்கில் பணம் போடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடும். செடி மெலியும், வயலில் இடைவெளி விழும், பல ஆண்டு வாழவேண்டிய பயிர் சீக்கிரமே அழியும்.

அதோடு, எல்லா விலங்குக்கும் ஒரே தரம் தேவையில்லை. நிறையப் பால் கறக்கும் மாட்டுக்கு மொட்டுப் பருவத் தீவனம் நல்லது. கறவை நின்ற மாட்டுக்குச் சற்று முற்றிய தீவனமே போதும். ஆகவே “எந்தப் பருவம் சிறந்தது?” என்ற கேள்விக்கும் ஒற்றைப் பதில் இல்லை. யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு எடை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். விளைச்சல், தரம், செடியின் ஆயுள் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வைத்திருக்க முடியாது. பலரும் மொட்டுப் பருவத்துக்கும் பூவின் தொடக்கத்துக்கும் இடையில் வெட்டுவது இந்தச் சமரசத்தால்தான்.

நம் ஊர்ப் புல்லிலும் இதே பாடம்

மலேசியத் தாழ்நிலத்தில் அல்ஃபால்ஃபா எளிதில் வளராது. நம் மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அந்தச் செடிக்கோ ஏறத்தாழ நடுநிலையான மண் வேண்டும். நம் ஊர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வெட்டிப் போடுவது பெரும்பாலும் நேப்பியர் புல். என் வீட்டுக்கு அருகில் ஆடு வளர்க்கும் அண்ணன் ஒருவர், நல்ல ரகம் என்று கேள்விப்பட்டுப் பணம் கொடுத்து நேப்பியர் கரணை வாங்கி நட்டார். வேலைப் பளுவில் வெட்டாமல் விட்டதால் புல் ஆளுயரத்தைத் தாண்டியது. ஆடுகள் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போட்டன. “இந்த ரகம் சரியில்லை தம்பி” என்று என் மாணவனிடம் சலித்துக்கொண்டார். நான் என் மாணவிக்குச் சொன்ன அதே பதில்!

கால்நடைத் தீவனத்துக்கான சோளத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. இங்கே வளரும் புல்லையாவது சரியான நாளில் வெட்டுவது சின்ன விஷயம் அல்ல.

இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். சமையலறையில் இருக்கும் வெந்தயம் அல்ஃபால்ஃபாவுக்கு நெருங்கிய உறவு. அதற்கும் மூன்று சிற்றிலைகள்தான். ஒரே அளவுள்ள நான்கு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, எண்ணி ஒரே அளவு விதை போடுங்கள். மழை நேரடியாக அடிக்காத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டாவது வாரம் ஒரு தொட்டி, மூன்றாவது வாரம் ஒன்று, நான்காவது வாரம் ஒன்று, ஐந்தாவது வாரம் ஒன்று என்று வெட்டுங்கள். இலையையும் தண்டையும் தனித்தனியாகப் பிரித்து, நன்றாகக் காயவைத்து, எடை போடுங்கள். மொத்த எடையில் இலை எத்தனை விழுக்காடு என்று வரைபடம் போடுங்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

அந்த மாணவி இப்போது தீவனம் வாங்கும்போது பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறாளாம். இலை தெரிகிறதா, தண்டு மெல்லியதா, ஊதாப் பூ இருக்கிறதா என்று பார்க்கிறாள். பையின் மேல் அச்சிட்ட பெயரை அவள் கடைசியாகத்தான் படிக்கிறாள். நானும் இப்போது வகுப்பில் யாராவது “நல்ல ரகம்” என்று பதில் எழுதினால் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை. பக்கத்தில் சிவப்பு மையில், “எப்போது வெட்டியது?” என்று எழுதிவிடுகிறேன்.